புகையானுக்குச் சோறு போட்டவள்

பூச்சியைக் கொன்று பிழைக்கிறவர்கள் உலகத்தில் கோடிப் பேர் இருக்கிறார்கள். பூச்சிக்குச் சோறு போட்டுப் பிழைத்தவள் பூச்சியக்கா ஒருத்திதான். நெல் ஆராய்ச்சி நிலையத்தில் முப்பத்திரண்டு வருஷம் அவள் வளர்த்தது புகையானை. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக, பழுப்பாக, நெற்பயிரின் தூரில் தண்ணீருக்குச் சற்று மேலே கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் பூச்சி அது. போன வாரம் பச்சையாக இருந்த வயல் இந்த வாரம் வட்டம் வட்டமாகப் புகைபிடித்துத் தீய்ந்ததுபோல நிற்கும். அதனால்தான் அந்தப் பெயர். பயிர் வைத்தவர்கள் எல்லாம் அதைச் சபித்தார்கள். பூச்சியக்கா மட்டும் காலையில் கதவைத் திறந்ததும், “என்னடா பசங்களா, நல்லாச் சாப்பிட்டீங்களா?” என்று கேட்பாள்.

அதற்கு அவை பதில் சொன்னதாக நிலையத்து ஸ்டோர்காரர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அது பச்சைப் பொய். தலையை மட்டும்தான் ஆட்டின.

பூச்சி வீடு என்பது நிலையத்தின் பின்கட்டில் இரட்டைக் கதவு போட்ட ஒரு நீள அறை. முதல் கதவைச் சாத்தாமல் இரண்டாவது கதவைத் திறந்தால் பாவம். உள்ளே இருபுறமும் மரச்சட்டத்தில் வலை அடித்த கூண்டுகள், ஒவ்வொன்றிலும் சட்டிச் சட்டியாக நெற்பயிர், பயிரில் பூச்சி. கூண்டுகளுக்குக் கை நுழைக்கும் துணிக்குழாய் தைத்துக் கொடுத்தவர் பூச்சியக்காவின் வீட்டுக்காரர். கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தார். “ஊரில் மனுஷங்களுக்குச் சட்டைக்குக் கை வைக்கிறேன், என் பெண்டாட்டி வளர்க்கிற பூச்சிக்கு வீட்டுக்கே கை வைக்கிறேன்” என்று அளவெடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வார்.

அந்த அறைக்கு ஒரு வாசனை உண்டு. ஈர மண், இளம் நெல், அடியில் அழுகும் ஓலை, பூச்சிகளின் தேன்போன்ற எச்சம் காய்ந்து லேசாகப் புளித்த நெடி, எல்லாம் கலந்த வாசனை. ஓய்வு பெற்ற பிறகும் எங்காவது மழைக்குப் பின் மூடிக்கிடந்த அறையைத் திறந்தால் பூச்சியக்கா வாசலிலேயே நின்று மூக்கை நிமிர்த்துவாள். பிறந்த வீட்டை நினைத்துக்கொள்கிறாள் என்று பார்த்தவர்கள் நினைப்பார்கள். அவள் நினைத்துக்கொள்வது நாலாவது கூண்டை.

வேலை கேட்பதற்குச் சுலபம்தான். பயிர் பழுத்தால் புதுச் சட்டி வைக்க வேண்டும். சிலந்தி நுழைந்தால் பிடிக்க வேண்டும். குஞ்சுகளை எண்ணி எடுக்க வேண்டும் என்றால் உறிஞ்சுகுழல். கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் ரப்பர் குழாய், அதை வாயில் வைத்து மெல்ல இழுத்தால் பூச்சி கண்ணாடிக்குள் வந்து விழும். நடுவில் ஒரு துண்டு வலை இருக்கும், பூச்சி தொண்டைக்குள் போகாமல் இருக்க. அந்த வலை கிழிந்திருந்த நாளில் அவள் மூன்று பூச்சியை விழுங்கினாள். ஸ்டோர்காரர் கணக்கில் அது முப்பது. அவர் ஓய்வு பெறுவதற்குள் முந்நூறாக வளர்ந்துவிட்டது. வயிற்றுக்குள் போயும் அந்த வம்சம் பெருகியது என்றால் அவள் வளர்ப்பு அப்படி.

மாலையில் பஸ் ஏறினால் அவள் கொண்டையிலிருந்து நாலைந்து பறந்து போய் விளக்கைச் சுற்றும். “இதுங்களுக்கும் டிக்கெட் எடுத்தாச்சாக்கா?” என்பார் கண்டக்டர். “மடியில உட்கார்ந்து வர்ற குழந்தைக்கு டிக்கெட் இல்லீங்க” என்பாள் இவள்.

சரி, எதற்காக ஒரு நிலையம் எதிரியைக் கூண்டில் வைத்து வளர்க்க வேண்டும்? நெல்லிலேயே சில ரகங்களுக்குப் புகையானைத் தாங்கும் குணம் பிறவியிலேயே உண்டு. மருந்து அடிக்காமலேயே பூச்சி அதில் வாயை வைத்துவிட்டு முகம் சுளித்துக்கொண்டு போகும். அப்படிப்பட்ட ரகத்தையும் நன்றாக விளைகிற ரகத்தையும் கலந்து, பிறக்கிற பிள்ளைகளில் எதற்கு அந்தக் குணம் வந்திருக்கிறது என்று தேடுவதுதான் டாக்டரின் வேலை. நெல் டாக்டர்தான். ஆனாலும் பக்கத்துத் தெருக்காரர்கள் அவரிடம் இடுப்புவலிக்கு மருந்து கேட்டு வந்துகொண்டுதான் இருந்தார்கள். அவரும் வெந்நீர் ஒத்தடம் சொல்லி அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்.

தேடும் முறை இது. அகலத் தட்டில் மண் நிரப்பி, வரிசை வரிசையாக விதைப்பார்கள், வரிசைக்கு ஒரு ரகம். ஒரு ஓரத்தில் பூச்சியைக் கொஞ்சமும் தாங்காத ரகம். அதற்குச் சாகிற வரி என்று பெயர். மறு ஓரத்தில் ஒரு பழைய முரட்டு ரகம். விளைச்சல் சொற்பம், அரிசி தடி, ஆனால் எந்தப் புகையானுக்கும் மசியாது. அது நிற்கிற வரி. நடுவில் சோதனைப் பிள்ளைகள். நாற்றுக்கு ஏழு நாள் ஆனதும் பூச்சியக்கா கூண்டுச் செடியைத் தட்டின்மேல் சாய்த்து ஒரு தட்டுத் தட்டுவாள். குஞ்சுகள் மழைபோல் விழும். நாற்றுக்குப் பத்துக்கு மேல் போகாது, எட்டுக்குக் கீழே குறையாது. அவள் கைக்கு அது வந்திருந்தது. அப்புறம் காத்திருக்க வேண்டும். சாகிற வரி பழுத்து மடிந்து விழுகிற அன்றைக்கு மற்ற வரிகளுக்கு மார்க். ஒன்று என்றால் சொக்கத்தங்கம். மூன்று வரை தேறும். ஒன்பது என்றால் அடுப்புக்குத்தான்.

இந்தப் பரீட்சையில் நாலு வருஷம் தொடர்ந்து ஒன்று வாங்கியது முப்பத்தொன்றாம் எண் பிள்ளை. விளைச்சலும் நன்று, அரிசியும் சன்னம். டாக்டருக்கு அதன்மேல் உயிர். போகிற வழியில் நின்று இலையைத் தடவிவிட்டுத்தான் அறைக்குள் போவார். “டாக்டரோட பொண்ணுக்கு எப்ப கல்யாணம்?” என்று ஸ்டோர்காரர் கேட்பார். ரகத்தை வெளியிடும் குழு அடுத்த மாதம் வருகிறது என்று அர்த்தம். பத்து வருஷ உழைப்பு. குழு தலையசைத்தால் முப்பத்தொன்று வயலுக்குப் போகும்.

அதற்கு முந்திய வருஷம்தான் பூச்சியக்கா அந்தக் காரியத்தைச் செய்தாள்.

மழை விடாமல் அடித்த வருஷம் அது. பூச்சிக்குத் தீனியாக வெளியே வளர்த்திருந்த தாங்காத ரகப் பயிர் முழுக்க அழுகிவிட்டது. மறுபடி விதைத்தாள், அதை எலி கொண்டுபோயிற்று. கூண்டுக்குள் பூச்சிகள் காய்ந்த தண்டைப் பிடித்துக்கொண்டு பட்டினி கிடந்தன. அதே நேரம் சோதனை முடிந்த தட்டுகளின் நடு வரிகளில் முப்பத்தொன்று மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றுகொண்டிருந்தது. முடிந்த தட்டைக் குழியில் கொட்டுவதுதான் வழக்கம். உயிருள்ள பயிரைக் கையால் பிடுங்கிக் குழியில் போடுவது அவளுக்கு எப்போதும் கண்ணில் மண் விழுந்ததுபோல இருக்கும். பிடுங்கிச் சட்டியில் நட்டு, கூண்டில் வைத்தாள்.

சுவரில் அட்டை ஒன்று தொங்கியது. ‘செருப்பைக் கழற்றவும். கதவைச் சாத்தவும். தீனி: தாங்காத ரகம் மட்டும்.’ அவள் படிக்காதவள் இல்லை. பத்தாவது வரை முதல் பெஞ்சு. ஆனால் அந்த மூன்றாவது வரிக்கு அவள் கொண்ட பொருள், வேறு ரகம் போட்டால் பூச்சி செத்துவிடும் என்பதுதான். போட்டுப் பார்த்தாள். நிறையச் செத்தன. கூண்டுக்கு ஒரு கைப்பிடி பிழைத்தன. “சாப்பிடு ராஜா, இருக்கிறதைச் சாப்பிடு. வீட்டில கூட தினம் விருந்தா போடறாங்க?” என்று கெஞ்சினாள். பிழைத்ததுகள் குஞ்சு பொரித்தன. அடுத்த மாதம் கொஞ்சம் அதிகம் பிழைத்தன. அதற்கடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். தாங்காத ரகம் மறுபடி வளர்ந்து வந்த பிறகும், வீணாகப் போகிறதே என்று மிச்சத் தட்டுகளைக் கூண்டுக்கே கொடுத்து வந்தாள். பத்து மாதத்தில் கூண்டெல்லாம் பழையபடி கறுகறுவென்று மொய்த்தது. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்களே, பூச்சிக்கு நாக்கும் பறந்துபோய்விட்டது என்று அவள் எண்ணிக்கொண்டாள். உள்ளுக்குள் ஒரு கர்வம்கூட இருந்தது.

குழு வருமுன் கடைசியாக ஒரு பரீட்சை வைத்தார் டாக்டர். சும்மா, கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்றுதான். பூச்சியக்கா தட்டினாள். ஆறாம் நாள் சாகிற வரி பழுத்தது. எட்டாம் நாள் விழுந்தது. எட்டாம் நாளே முப்பத்தொன்றும் நுனி சுருண்டு, இடுப்பு ஒடிந்து, பக்கத்து வரிசையின்மேல் சாய்ந்து கிடந்தது.

ஸ்டோர்காரர் மண்ணைக் குறை சொன்னார். காவல்காரர் தண்ணீரைக் குறை சொன்னார். டாக்டர் மறு ஓரத்தில் நிற்கிற வரி குத்துக்கல்லாக நின்றதே, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மண்ணோ தண்ணீரோ கெட்டிருந்தால் அதுவும் அல்லவா விழுந்திருக்க வேண்டும். பென்சிலை எடுத்து, முப்பத்தொன்றுக்கு எதிரே ஒன்பது போட்டார். அந்த ஒன்பதின் வாலை இழுத்துப் போட அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் காலை பூச்சியக்கா நாலாவது கூண்டில் கை நுழைத்துச் சட்டியை மாற்றினாள். வெளியே எடுத்த சட்டியில் மூங்கில் குச்சி செருகியிருந்தது. குச்சியில் அவள் கையெழுத்திலேயே முப்பத்தொன்று. சட்டியை இடுப்பில் வைத்தபடி அப்படியே நின்றாள். முப்பத்தொன்றைத் தின்னத் தெரிந்த பூச்சியைப் பத்து மாதம் பொறுக்கி எடுத்து வளர்த்து, அதையே முப்பத்தொன்றின் தலையில் கொட்டியிருக்கிறாள்.

இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்காரர் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“என்ன மகாராணி, வாயில நூல் கோத்துட்டியா?”

சொன்னாள்.

“யாருக்காவது தெரியுமா?”

“எனக்கும் பூச்சிக்கும் தெரியும்.”

“பூச்சி சொல்லாது. நீயும் சொல்லாதே. உன் நிரந்தர வேலை உத்தரவு டாக்டர் மேசையில கையெழுத்துக்குக் கிடக்கு. பதினாலு வருஷம் தினக்கூலியா ஓடியிருக்கே. ஒரு மாசம் வாயை மூடிட்டு இருக்க முடியாதா? இல்ல, நான் தைச்சு விடட்டுமா? ஊசி கையிலதான் இருக்கு.”

“தைங்க. அந்தப் பயிர் ஒரு தப்பும் பண்ணலீங்க. அதைக் குப்பையில போடப் போறாங்க.”

“பயிருக்காக வேலையை விடறவளை இன்னைக்குத்தான் பார்க்கறேன்.”

“பத்து வருஷமா அந்த மனுஷன் அதைத் தடவிட்டுத்தான் ரூமுக்குப் போறாரு. நேத்து தடவாம போனாரு.”

வீட்டுக்காரர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். கொஞ்ச நேரம் மிஷின் சக்கரத்தைச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தார். “சரி, போய்ச் சொல்லு. வேலை போச்சுன்னா பட்டனுக்குக் காஜா போட இங்க ஆள் வேணும்தான். ஆனா இந்தக் கடை முதலாளி கொஞ்சம் கோபக்காரன்” என்றார்.

டாக்டர் அறையில் குழுவுக்கான காகிதங்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“டாக்டர், ஒரு விஷயம்.”

“லீவாம்மா? எடுத்துக்கங்க.”

“லீவு இல்ல. முப்பத்தொண்ணு தானா சாகல டாக்டர். நான்தான் கொன்னுட்டேன்.”

“மருந்து ஏதும் கலந்துட்டீங்களா?”

“சோறு போட்டேன்.”

முழுக்கச் சொல்லி முடித்தாள். மழை, எலி, குழியில் கொட்ட மனம் வராதது, கைப்பிடி பிழைத்தது, பத்து மாதம், எதையும் விடவில்லை. டாக்டரின் முகம் வெளுத்துச் சிவந்து மறுபடி வெளுத்தது. “அட்டையில எழுதியிருக்கே! படிக்கத் தெரியும்தானே உங்களுக்கு?” என்று ஒரு சத்தம் போட்டார். அவர் போட்டு யாரும் கேட்டிராத சத்தம். வராந்தாவில் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த ஸ்டோர்காரர் கையிலிருந்த சாவிக்கொத்து விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவர் நிமிரவே இல்லை. அப்படியே தவழ்ந்து போய்விட்டார் என்று கேள்வி.

சத்தம் அடங்கிய பிறகு டாக்டர் எழுந்தார். “வாங்க. வாயால சொன்னா போதாது. பார்க்கணும்.”

இருவரும் மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு வயலுக்குப் போய் வெளிப் புகையானைப் பிடித்து வந்தார்கள். அவசரத்தில் டாக்டரே உறிஞ்சுகுழலை வாயில் வைத்தார். இருமினார். “எத்தனை டாக்டர்?” என்று கேட்டாள். “ஒண்ணுதான்” என்றார். இரண்டு என்று அவள் கண் சொன்னது. அந்த நேரத்தில் அதைச் சொல்வது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டாள்.

அப்புறம் முப்பத்தொன்றின் செடிகளை எடுத்து, அடியில் மஞ்சள் மருந்து தோய்த்த வடிதாள் வைத்தார்கள். பூச்சி சாற்றை வயிறார உறிஞ்சினால் எச்சம் விழும். விழுந்த இடம் தாளில் நீலமாகும். பாதிச் செடியில் வயல் பூச்சி, பாதிச் செடியில் அவளுடைய பூச்சி. மறுநாள் தாள்களை வரிசையாக மேசையில் பரப்பினார் டாக்டர். வயல் பூச்சி விட்ட தாளில் ஊசி குத்தியதுபோல ஓரிரண்டு நீலப் புள்ளி. அவளுடைய பூச்சி விட்ட தாளில் மையைக் கொட்டியதுபோல நீலம்.

“பார்த்தீங்களா டாக்டர்! வயல் பூச்சியால அதைத் தொடக்கூட முடியல. முப்பத்தொண்ணு நல்ல பிள்ளைதான். குழுவுக்கு இந்தத் தாளையே காட்டிடலாம்.” அவளுக்குப் போன உயிர் திரும்பியது.

டாக்டர் நீலத் தாளை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“அம்மா, நீங்க பத்து மாசத்துல செய்ததை வயல் நாலு வருஷத்துல செய்யும். ஊர் முழுக்க முப்பத்தொண்ணையே நட்டா, பூச்சிக்கு வேற தீனி ஏது? நிறையச் சாகும். ஒரு கைப்பிடி பிழைக்கும். அப்புறம் அதுங்க பிள்ளைங்க.” தாளை மெல்லக் கீழே வைத்தார். “அந்த முரட்டு ரகத்துக்கு வீட்டுக்கு நாலு பூட்டு. நான் கலந்தப்போ முப்பத்தொண்ணுக்கு ஒரே ஒரு பூட்டுதான் வந்திருக்கு. அதுக்கு உங்க பசங்க சாவி செஞ்சுட்டாங்க.”

முப்பத்தொன்றைக் காப்பாற்றத்தான் அவள் வாயைத் திறந்தாள். அதைக் கவிழ்த்ததும் அவள் வாய்தான் என்று அப்போது புரிந்தது. அன்றைக்கு அவள் அழுதாள். டாக்டர் வெந்நீர் ஒத்தடத்தைத் தவிர வேறு வைத்தியம் தெரியாதவர். எனவே ஒரு டம்ளர் வெந்நீர் கொடுத்தார்.

குழு வந்தது. முப்பத்தொன்றைத் தானே திரும்பப் பெற்றுக்கொள்வதாக டாக்டர் சொல்லிவிட்டார். பூச்சியக்காவுக்கு மேலிடத்திலிருந்து ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, ‘விதிமுறைக்கு மாறாகப் பூச்சிகளுக்கு உணவளித்த குற்றத்திற்காக’ என்று. வீட்டுக்காரர் அதற்குச் சட்டம் போட்டுத் தையல் கடையில் மாட்டினார். நிரந்தர உத்தரவு இரண்டு வருஷம் தள்ளிப்போயிற்று.

ஆனால் அந்தப் பூச்சிகளைக் கொல்ல டாக்டர் விடவில்லை. பூச்சி வீட்டுக்குப் பக்கத்திலிருந்த சாக்கு அறையைக் காலி செய்யச் சொன்னார். ஸ்டோர்காரர் சாக்குகளோடு சாபங்களையும் சேர்த்துத் தூக்கிப் போனார். அதிலும் இரட்டைக் கதவு, வலை, கூண்டு. வீட்டுக்காரர் மறுபடி துணிக்குழாய் தைத்தார். பழைய அறைக்கு வயலிலிருந்து பிடித்து வந்த பூச்சி, அதற்குப் பழைய பூச்சி என்று பெயர்; புது அறைக்கு அவளுடைய பூச்சி, அது புதுப் பூச்சி. புது அறையில் மட்டும் தீனி முப்பத்தொன்று. அதற்குப் பிறகு எந்தப் பிள்ளை பரீட்சைக்கு வந்தாலும் பழைய பூச்சிக்கு ஒரு தட்டு, புதுப் பூச்சிக்கு ஒரு தட்டு. இரண்டிலும் நிற்க வேண்டும். முப்பத்தொன்றையே எடுத்து அந்த முரட்டு ரகத்தோடு மறுபடி கலந்தார் டாக்டர். நூறு பிள்ளைகள், இருநூறு பிள்ளைகள். பழைய பூச்சிக்கு நின்றவை புதுப் பூச்சிக்கு விழுந்தன. பூச்சியக்கா தினமும் இரண்டு வீட்டுக்கும் சோறு சுமந்தாள். ஒரு வீட்டுச் செருப்போடு மறு வீட்டுக்குள் போனதில்லை. ஒரு அறையிலிருந்து மறு அறைக்குப் போகுமுன் தலையை உதறி, மேல்கோட்டை மாற்றிக்கொண்டாள். “சக்களத்தி வீடு ரெண்டுக்கும் ஒரே ஆளு போறதுன்னா சும்மாவா” என்று ஸ்டோர்காரர் கேலி பேசினார்.

ஆறு வருஷம் அப்படி ஓடிற்று. பின்னாளில் பூச்சியக்காவைக் கேட்டால் வாழ்க்கையிலேயே நல்ல வருஷங்கள் அவைதான் என்பாள். காலை வெயில் வலைக்குள் சதுரம் சதுரமாக விழும். தையல் கடைக்காரர் மத்தியானச் சாப்பாட்டைத் தானே சைக்கிளில் கொண்டுவருவார், குழாய் கிழிந்திருக்கிறதா பார்க்கிற சாக்கில். டாக்டர் தட்டுப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மார்க்கு போடுகிற நாளில் மட்டும் யாரிடமும் பேசமாட்டார். தோற்ற தட்டுகளைக் கொட்டக் குழிக்கு மூவரும் சேர்ந்து நடப்பார்கள், ஏதோ ஊர்வலம் போவதுபோல.

ஆறாம் வருஷக் கடைசியில் ஒரு தட்டு. புதுப் பூச்சி விட்ட தட்டு. சாகிற வரி விழுந்து கிடந்தது. பக்கத்திலேயே முப்பத்தொன்றும் விழுந்து கிடந்தது. சோதனைப் பிள்ளைகளில் ஒரே ஒரு வரிசை நின்றது. பழைய பூச்சி விட்ட தட்டில் அது ஏற்கெனவே ஒன்று வாங்கியிருந்தது.

டாக்டர் முக்காலியை இழுத்துப் போட்டார். கண்ணாடியைத் துடைத்தார். பென்சிலை எடுத்து, ஒன்று போடப் போனார். அடுத்த மாதம் அவருக்கு ஓய்வு.

“டாக்டர், கொஞ்சம் இருங்க” என்றாள் பூச்சியக்கா. குனிந்து, விரலால் நாற்றுகளை ஒவ்வொன்றாக விலக்கினாள். “முதல் இலை மஞ்சளாயிருக்கு. ரெண்டாவது இலை நுனியும் கொஞ்சம் பழுத்திருக்கு.”

“அது லேசாத்தான்மா.”

“லேசுதான். ஆனா இது ஒண்ணு இல்ல டாக்டர். மூணு.”

ஸ்டோர்காரர் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். “அக்கா, அந்த மனுஷன் வீட்டுக்குப் போற நேரத்துல ஒரு ஒண்ணு கொடுத்தா உன் பூச்சி கோவிச்சுக்குமா?”

“அதுங்களுக்கு என்ன. இப்ப நாம தாராளமா மார்க் போட்டா நாலு வருஷம் கழிச்சு வயல்காரன்தான் கோவிச்சுக்குவான்.”

டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அன்றைக்குச் சத்தம் போட்ட மனுஷன்தான். சிரிப்பு வந்து, அதை அடக்கி, கண்ணாடியை மறுபடி கழற்றித் துடைத்தார். பிறகு அழுத்தமாக மூன்று என்று எழுதினார்.

அந்த மூன்றுதான் வயலுக்குப் போனது.